அறிக்கையும் கேட்போரும்: பின்நவீன ஆன்மிக நினைவுநூல்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

அமெரிக்க நாட்டில் சென்ற நூற்றாண்டின் இறுதியிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிறித்தவ ஆன்மிக நினைவுநூல்கள் சில புதுப்போக்கில் தோன்றின. ஆன் லமாட் எழுதிய 'டிராவலிங் மெர்சீஸ்' (1999), டொனால்ட் மில்லர் எழுதிய 'புளூ லைக் ஜாஸ்' (2003) ஆகிய இரண்டும் அவற்றுள் பெரிதும் பேசப்பட்டவை. பெருங்கதையாடல்கள்மீது நம்பிக்கை இழத்தலே பின்நவீன நிலை என லியோதார் 1979-இல் விளக்கினார். அச்சூழலில் நின்று விசுவாசத்தைப் பேச முயல்வன இந்நூல்கள். கிறித்தவ வாசகராகிய யாம் இவற்றைப் படிக்குங்கால் மகிழ்ச்சியும் மனக்குறையும் ஒருங்கே எய்தினோம். அவ்விரண்டிற்கும் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதற்கண் மகிழ்ச்சியைக் கூறுவோம். சபைகளிற் சாட்சி கூறுவார் பேச்சிற்கு ஓர் அமைப்பு உண்டு. குறித்த ஒரு நாள்வரை இருள்; அதன்பின் ஒளி. அந்நாளுக்குப் பின்னரும் எழும் ஐயம், சோர்வு, சினம் முதலியன அவ்வமைப்பில் இடம்பெறா. ஆகவே அவற்றை உடையோர் வாய்வாளாதிருப்பர். யாமும் அங்ஙனம் இருந்ததுண்டு. லமாட் தம் குடிப்பழக்கத்தை மறையாது உரைக்கின்றார். ஜாஸ் இசை தீர்வுற்று முடியாதது போலவே கடவுளும் தமக்குத் தோன்றியதாக மில்லர் கூறுகின்றார். எம்போல்வார் மௌனத்தை உடைத்தமை இந்நூல்களின் பெரும்பயன் ஆகும்.

இனி மனக்குறை. ஐயத்தைத் தீர்க்காது விடுதலே இவற்றின் குறை என்பர் சிலர். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று. அகுஸ்தீனாரின் அறிக்கை நூல் 13 பகுதிகளை உடையது. முதல் ஒன்பதும் அவர்தம் கடந்த வாழ்வைக் கூறுவன. பத்தாம் பகுதியிலோ, ஆயராகிய பின்னும் தம்மை விடாது தொடரும் சோதனைகளை அவர் எடுத்துரைக்கின்றார். எனவே தீராத போராட்டம் இவ்வகை இலக்கியத்திற்குப் புதிதன்று. வேறுபாடு கேட்போரிடத்தே உள்ளது.

அகுஸ்தீனார் தம் நூல் முழுவதும் கடவுளை முன்னிலைப்படுத்திப் பேசுகின்றார். இலத்தீனில் அந்நூற்பெயர் பாவத்தை ஒப்புதல், இறைவனைப் போற்றுதல் என்னும் இருபொருளும் தருவது. தமிழ் விவிலியத்திலும் பாவத்தை அறிக்கையிடுதல், கிறித்துவை அறிக்கையிடுதல் என ஒரு சொல்லே இரண்டிடத்தும் வருதல் நினையத்தக்கது. சிறையிலிருந்த பனியன் 1666-இல் வெளியிட்ட தன்வரலாறு, அவர் போதனையால் விசுவாசத்திற்கு வந்தோரை நோக்கியது. கடவுள் உள்ளத்தை அறிவார். சபையோர் வாழ்வை அறிவர். இவர்கள்முன் பொய்யுரைத்தல் அரிது. புது நினைவுநூலைக் கேட்போரோ முகமறியா வாசகர். அவர் எழுதுவோரைச் சோதித்தறிய இயலாது. விரும்பலாம், விரும்பாது விடலாம், அவ்வளவே. அவ்விடத்துத் தன் குற்றத்தை எடுத்துரைத்தலே ஒரு கவர்ச்சியாகி விடுகின்றது. நாணத்தை விலையாகக் கொடுத்துச் செய்யவேண்டிய அறிக்கை, பாராட்டை ஈட்டித் தரும் பொருளாகின்றது. எம் மனக்குறை இதுவே.

எனினும் இந்நூல்களின் சிறந்த பகுதிகள் இக்குறையைக் கடந்து நிற்கின்றன. போர்ட்லாந்து நகரின் ரீட் கல்லூரி விழாவில் கிறித்தவ மாணவர் சிலர் பாவ அறிக்கைக் கூடம் ஒன்று அமைத்ததை மில்லர் கூறுகின்றார். உட்புகுந்தோர் தம் பாவத்தைச் சொல்லுமாறு கேட்கப்படவில்லை. திருச்சபை இழைத்த தீமைகளை அம்மாணவரே அவர்களிடம் ஒப்புக்கொண்டனர். அங்கே கேட்போர் எதிரே இருந்தனர். சினத்தலும் மன்னித்தலும் அவர்க்கு உரிய. லமாட்டும் மாரின் சிட்டியிலுள்ள ஒரு சிறு தேவாலயத்தின் பாடலால் ஈர்க்கப்பட்டு, பிரசங்கம் தொடங்குமுன் எழுந்து செல்பவராய் இருந்த நாளையும், அவரை வற்புறுத்தாது ஏற்ற சபையாரையும் காட்டுகின்றார். இவ்விடங்களில் 'நான்' என்பது பிறர் முகத்தின்முன் நிற்கின்றது, அதனாலேயே உண்மையாகின்றது.

ஆகவே இத்தகைய நூல்களை மதிப்பிடுவார், ஐயம் தீர்ந்ததா என வினவுதலினும், எழுதுவோர் யார்முன் நின்று பேசுகின்றார் என வினவுதல் தகும். அவ்வினா எம்மையும் விடாது. பிறர் ஐயத்தைத் தனியறையிற் படித்து ஆறுதல் கொண்ட யாம், எம் ஐயத்தை எம் சபையார்முன் இன்னும் உரைத்தோமல்லோம். இந்நூல்களிடம் யாம் கண்ட குறையில் எமக்கும் பங்குண்டு.