தொப்பிக்குக் கீழே ஒரு முகம்

பரணில் இருந்து பழைய கல்யாண ஆல்பம் ஒன்றை இறக்குகிறோம். மூன்றாவது வரிசையில், ஓரமாக, கேமராவை முறைத்துக்கொண்டு ஒருவர். "இது யாரு?" வீட்டில் பாட்டி இருந்தால் கவலையில்லை, "நம்ம சின்னசேலத்து மாமா பையன்" என்று பதில் வந்துவிடும். பாட்டியும் இல்லாத வீட்டில் என்ன செய்வோம்? முகத்தை விட்டுவிட்டு மற்றதைப் பார்ப்போம். சட்டைக் காலர் எவ்வளவு நீளம், பேன்ட் பெல்பாட்டமா, கையில் இருப்பது எச்.எம்.டி. வாட்ச்சா? "எழுபதுக்கு முன்னாடி இருக்காதுப்பா" என்று ஒரு முடிவுக்கு வருவோம்.

இதே வேலையை ஒரு போரின் அளவுக்குச் செய்த புத்தகம் ஒன்று இருக்கிறது. பெயர், 'தி லாஸ்ட் டாமிஸ்'. எழுதியவர் ராஸ் கோல்ட்ஹார்ட் என்கிற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர். 2016-ல் வந்தது. டாமி என்றால் பிரிட்டிஷ் சிப்பாய்க்குச் செல்லப் பெயர்.

கதை இதுதான். பிரான்ஸில், ஆமியான் நகருக்கு வடக்கே, விக்னகூர் என்று ஒரு ஊர். முதல் உலகப் போர் நடந்த காலத்தில் சிப்பாய்கள் போர்முனையிலிருந்து ஓய்வுக்கு வந்து போகிற இடம். அங்கே லூயி துய்லியே என்ற விவசாயியும் அவர் மனைவி அந்துவானெத்தும் வீட்டிலேயே சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்தினார்கள். வரைந்த திரை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்கு முன்னால் சிப்பாய்களை நிற்க வைத்து எடுத்துக் கொடுத்தார்கள். ஊருக்கு அனுப்ப ஒரு படம், அவ்வளவுதான். போர் முடிந்தது. கண்ணாடி நெகட்டிவ்கள் பெட்டியில் போய், பெட்டி பரணுக்குப் போய், கிட்டத்தட்ட நூறு வருஷம் அங்கேயே கிடந்தன. 2011-ல் எடுத்தபோது ஏறக்குறைய நாலாயிரம்! முதலில் ஆஸ்திரேலியர்களைப் பற்றி 'தி லாஸ்ட் டிக்கர்ஸ்' வந்தது. அடுத்தது இது.

சும்மா சொல்லக் கூடாது, படங்கள் அபாரம். ஜெனரல்கள் கிடையாது, பதக்க விழா கிடையாது. சேறு ஒட்டிய பூட்ஸ், தூங்காத கண்கள், தோளில் கை போட்ட நண்பன். அந்தக் கண்ணாடித் தட்டுகளில் பட்டன் நூல்வரை தெரிகிறது. ஆனால் பெயர்? பெரும்பாலான படங்களுக்கு இல்லை. எடுத்தவர்கள் குறித்து வைக்கவில்லை. இன்னொரு கொடுமையும் உண்டு. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகள் லண்டனில் ஒரு கிடங்கில் இருந்தன. 1940-ல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் பாதிக்கு மேல் எரிந்து போய்விட்டது. எனவே மிச்சம் இருக்கும் சாட்சி, சிப்பாய் உடம்பில் மாட்டியிருந்த பித்தளைதான்.

அதை எப்படிப் படிப்பது என்பதுதான் எனக்கு இந்தப் புத்தகத்தில் பெரிய சுவாரஸ்யம். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் தனித் தொப்பிச் சின்னம். அதிகாரி என்றால் காலரின் இரண்டு பக்கமும் அதே சின்னம் சிறிய அளவில் இருக்கும். போர்க்கால உடுப்பில் சாதாரண சிப்பாய்க்குப் பெரும்பாலும் காலர் சின்னம் கிடையாது, தோள்பட்டையில் பித்தளை எழுத்துதான். டெரிட்டோரியல் எனப்படும் பகுதிநேரப் படைக்காரராக இருந்தால் மேலே 'டி' என்ற எழுத்து, அதற்குக் கீழே பட்டாலியன் எண், அதற்கும் கீழே ரெஜிமென்ட் பெயர். இதைப் படிக்க முடிந்தால் லாட்டரி அடித்த மாதிரி! லட்சக்கணக்கானவர்களில் இருந்து ஒரே அடியில் சில ஆயிரம் பேருக்குள் வந்துவிடுவோம்.

பிறகு கை. இடது முன்கையில் நெட்டுக்குத்தாக ஒரு சின்னப் பட்டை இருந்தால் காயம் பட்டவர். அந்த வழக்கம் வந்ததே 1916-ல்தான். வலது முன்கையில் மேல்நோக்கிய 'வி' வடிவக் கோடுகள் இருந்தால் கடல் தாண்டிப் பணி செய்த வருஷக் கணக்கு. அது வழக்கத்துக்கு வந்தது 1918 தொடக்கத்தில். ஆக, அந்தக் கோடு தெரிகிற படம் எதுவும் 1916-ல் எடுத்ததாக இருக்க முடியாது. பேரன் சத்தியம் செய்தாலும் முடியாது.

இதிலும் ஒரு வேடிக்கை. அந்தக் கோடுகளில் 1914-லேயே போனவருக்கு முதல் கோடு சிவப்பு, மற்றவை நீலம். நமக்குக் கிடைத்திருப்பது கறுப்பு வெள்ளைப் படம். சரி, அழுத்தமாகத் தெரிவது நீலம், வெளிறித் தெரிவது சிவப்பு என்றுதானே நினைப்போம்? தலைகீழ்! அந்தக் காலத்தில் பரவலாக இருந்த தட்டுகளுக்குச் சிவப்பு உறைக்காது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். இது தெரியாமல் பதக்க ரிப்பனைப் பார்த்து 'இன்ன பதக்கம்' என்று எழுதுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

சரி, தொப்பிச் சின்னம் தெளிவாகத் தெரிந்தால் போதுமா? போதாது. தீ கக்கும் கையெறி குண்டு ஒன்று சின்னமாக இருக்கிறது என்று வையுங்கள். ராயல் ஃப்யூசிலியர்ஸா? லங்காஷைர் ஃப்யூசிலியர்ஸா? நார்தம்பர்லண்டா? வெல்ஷா? எல்லோருக்கும் அதே குண்டுதான். குண்டின் வயிற்றில் ரோஜா இருக்கிறதா, ஸ்ஃபிங்க்ஸ் இருக்கிறதா, டிராகனைக் குத்தும் செயின்ட் ஜார்ஜா, மூன்று இறகா என்பதில்தான் வித்தியாசம். ஆள் கொஞ்சம் தலையை ஆட்டியிருந்தால் அந்த வயிறு வெறும் வெள்ளைப் புள்ளி. க்ரெனேடியர் கார்ட்ஸ் வேறு வெறும் குண்டை மட்டும் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, மாட்டியிருப்பது அவருடைய சின்னம்தானா? சிப்பாய்கள் மற்ற ரெஜிமென்ட் சின்னங்களைச் சேகரித்துப் பெல்ட் முழுக்கக் குத்திக்கொள்வது அன்று ஒரு பைத்தியம். காதலிக்கும் மனைவிக்கும் சின்னத்தைக் குட்டி புரூச்சாகக் கொடுப்பார்கள். நண்பனின் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும் குறும்பு எந்த நாட்டு வாலிபனுக்குத்தான் இல்லை?

இங்கேதான் எனக்கு கோல்ட்ஹார்ட்டோடு ஒரு மனத்தாங்கல். தொப்பியைப் பார்த்து ரெஜிமென்ட்டைச் சொல்கிறார். பிரமாதம். அதற்குப் பிறகு அந்த ரெஜிமென்ட் எந்தெந்தச் சண்டையில் இருந்தது, எத்தனை பேர் செத்தார்கள் என்று வரலாறு ஓடுகிறது. பக்கத்திலேயே பெயர் தெரியாத முகம். படிக்கிற நமக்கு என்ன ஆகிறது? அந்தச் சண்டையில் இந்தப் பையன்தான் செத்தான் என்று மனசு தானாக ஒட்டிக்கொள்கிறது. அவர் அப்படி எழுதவில்லை, நியாயம்தான். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே பாதி எழுதிய மாதிரி. நான் பி.காம். படித்தவன். வவுச்சர் இல்லாத செலவைக் கணக்கில் ஏற்றினால் ஆடிட்டர் சிவப்புப் பேனாவை எடுப்பார் என்பது மட்டும் அங்கே கற்றதில் மறக்கவில்லை. தொப்பிச் சின்னம் ரெஜிமென்ட்டுக்கு வவுச்சர். ஆளுக்கு அல்ல.

இதே கேள்வியோடு பீட்டர் ஜாக்சனின் 'தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்' படத்தையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். 2018-ல் வந்த ஆவணப் படம். லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருந்த ஊமைப் படச் சுருள்களுக்கு வண்ணம் ஏற்றி, வேகத்தைச் சீராக்கி, உதட்டசைவைப் படிக்கும் நிபுணர்களை வைத்து அவர்கள் என்ன பேசினார்கள் என்று கண்டுபிடித்து, குரலும் கொடுத்தார். முதல் தடவை பார்த்தபோது நான் கலங்கித்தான் போனேன். அந்தக் குரலுக்கு வட்டார உச்சரிப்பை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? பேட்ஜ்! சின்னத்தைப் பார்த்து ரெஜிமென்ட், ரெஜிமென்ட்டைப் பார்த்து மாவட்டம், அந்த மாவட்டத்துப் பேச்சு பேசுகிற நடிகர்.

கேட்க அழகாக இருக்கிறது. 1914-ல் இது பெரும்பாலும் சரியாகவும் இருந்திருக்கும். ஊர்ப் பையன்கள் ஊர் ரெஜிமென்ட்டில் சேர்ந்த காலம். 1916-ல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. ஸோம் சண்டையில் பட்டாலியன்கள் காலியாயின. அப்புறம் எங்கே ஆள் குறைகிறதோ அங்கே கிடைத்த ஆளை அனுப்பினார்கள். லண்டன்காரர் லங்காஷைர் சின்னத்தை மாட்டிக்கொண்டார். 1915 அக்டோபரில் தொடங்கிய மெஷின் கன் கோர் என்ற படைப்பிரிவுக்கு ஊரே கிடையாது, எல்லா ரெஜிமென்ட்டிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். குறுக்காக வைத்த இரண்டு துப்பாக்கி, மேலே கிரீடம். அதை வைத்து என்ன உச்சரிப்பைக் கண்டுபிடிப்பது? நம் ஊரில் யோசியுங்கள். மதுரை பேட்ஜ் போட்டிருக்கிறார் என்பதற்காக ஒரு பொள்ளாச்சிக்காரருக்கு "வாங்கண்ணே, என்னண்ணே" என்று டப்பிங் கொடுத்தால் அவர் சம்சாரம் ஒத்துக்கொள்வாரா?

ஜாக்சன் ஒன்றில் உஷாராக இருந்தார். படத்தில் யாருக்கும் பெயர் வைக்கவில்லை, ஊரும் தேதியும்கூடச் சொல்லவில்லை. நிறைய விமர்சகர்கள் அதையே குறையாகச் சொன்னார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை.

பெயர் வைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் வீட்டுக் கதை போதும். மகன் ஜானுக்குக் கண்பார்வை மோசம். ராணுவம் வேண்டாம் என்றது. அப்பா செல்வாக்கைப் பயன்படுத்தி ஐரிஷ் கார்ட்ஸில் அதிகாரியாகச் சேர்த்தார். 1915 செப்டம்பர் 27, லூஸ் சண்டையில் ஜான் காணாமல் போனான். வயது 18. அப்பா தேடாத இடமில்லை. உடல் கிடைக்காமலே 1936-ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

லூஸுக்குப் பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் 'ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினென்ட்' என்று மட்டும் குறித்த பெயரில்லாக் கல்லறை ஒன்று இருந்தது. 1992-ல் போர்க் கல்லறை ஆணையம் அது ஜான்தான் என்று முடிவு செய்து பெயர் வைத்தது. உடனே சண்டை. டோனி ஹோல்ட், வால்மாய் ஹோல்ட் தம்பதி ஒரு புத்தகமே எழுதினார்கள். லெப்டினென்ட்டுக்கு இரண்டு நட்சத்திரம், செகண்ட் லெப்டினென்ட்டுக்கு ஒன்று. ஜானின் பதவி உயர்வு அரசிதழில் வந்ததே அவன் இறந்த பிறகு. அப்படியானால் சாகும்போது ஒற்றை நட்சத்திரம்தானே? உடல் கிடைத்ததாகக் குறித்த இடமும் பொருந்தவில்லை என்றார்கள். வேறு ஆய்வாளர்கள் 2016-ல் பதில் கொடுத்தார்கள். இடக் குறிப்பில் எழுத்துப் பிழை நடந்திருக்கிறது, உயர்வு முன்தேதியிட்டது, 1992 முடிவு சரி என்று. ஆணையமும் பெயரை எடுக்கவில்லை.

நட்சத்திரம் ஒன்றா, இரண்டா? சட்டைப் பட்டன் அளவுள்ள ஒரு உலோகத் துண்டு. அதன் மேல் ஒரு அப்பாவின் இருபது வருஷம்.

ஆணையம் எழுப்பும் கற்களில் ஒரு வழக்கம் உண்டு. பெயர் தெரியாவிட்டாலும் ரெஜிமென்ட் தெரிந்தால் அந்தச் சின்னத்தைக் கல்லில் செதுக்குவார்கள். அதுவும் தெரியாவிட்டால் சிலுவை மட்டும். கீழே, பெயர் கடவுளுக்குத் தெரியும் என்ற பொருளில் ஒரு வரி. அந்த வரியைத் தேர்ந்து கொடுத்ததும் கிப்ளிங்தான். ஜான் பெயர் இருக்கும் அந்தத் தோட்டத்தில் பெரும்பாலான கற்களுக்கு இன்னும் பெயர் இல்லை.

'தி லாஸ்ட் டாமிஸ்' கனமான புத்தகம். மடியில் வைத்துப் படித்தால் கால் மரத்துப்போகும். மேஜையில் வைத்து, பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியும் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் படங்களை மட்டும் பாருங்கள். எழுதியிருப்பதை அப்புறம் படிக்கலாம்.