128 இடத்தில் குடியேறிய தமிழ்

பழைய கணினித் திரையில் ழகரத்தைப் பார்த்தாலே போதும், அந்த எழுத்துருவை வரைந்தவரின் கைப்பக்குவம் தெரிந்துவிடும். சின்னஞ்சிறு புள்ளிக் கட்டத்துக்குள் அந்தக் கீழ்வளைவை முடித்தாக வேண்டும். ஒரு புள்ளி கூடினால் எழுத்து அடைத்துக்கொள்ளும்; குறைந்தால் மகரமாகத் தோன்றும்.

சிங்கப்பூரில் தொண்ணூறுகளில் இந்தக் கலைக்குத் தம்மைக் கொடுத்தவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் ஆசிரியர். தம் மென்பொருளுக்குக் 'கணியன்' என்று பெயரிட்டார். கதை எழுதுகிறவர் எழுத்தையே செய்ய உட்கார்ந்தாரே, அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

அன்றைய எழுத்துருவில் மொத்தமே 256 இடம். அதில் பாதியை ஆங்கிலம் எடுத்துக்கொண்டால் மிச்சம் 128. தமிழுக்கோ 247 எழுத்து! ஆகவே கொம்பு, கால், இகரச் சுழி எல்லாம் தனித்தனித் துண்டுகளாயின. 'கொ' என்றால் கொம்பு, க, கால் என மூன்று துண்டு. உகரமோ இந்த ஏற்பாட்டுக்கு எளிதில் மசியாது. கு, சு, ணு, மு ஒவ்வொன்றும் தன் போக்கில் வளையும், ஊகாரமும் அப்படியே. 18 மெய்க்கும் சேர்த்தால் 36 வடிவம். நல்லவேளை, ணா, றா, னா, லை போன்றவற்றின் பழைய வடிவங்களை 1978 எழுத்துச் சீர்திருத்தம் விலக்கியிருந்தது. இல்லாவிட்டால் நெருக்கடி இன்னும் கூடியிருக்கும்.

இத்தனையும் டெலிபோன் கம்பி வழியாகப் போகவேண்டும். தேக்கா சந்தையில் கறிகாய் வாங்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம் சிம் லிம் ஸ்கொயர் கணினிக் கடைகளுக்கு. மோடம் வாங்க அங்கேதான் போவார்கள். எண் சுழற்றும் ஒலி, நீண்ட கீச்சு, இரண்டு மோடங்களும் தங்கள் வேகத்தைப் பேசி முடிக்கும்வரை எழும் இரைச்சல் என்று மோடம் இணையும் கட்டங்கள் எங்களுக்கு மனப்பாடம். 14.4 கிலோபிட் மோடத்தில் நொடிக்கு 1,800 பைட் போனாலே அதிகம். தமிழைப் படமாக அனுப்பினால் காத்துக் கிடக்கவேண்டும். எழுத்துருத் துண்டுகளாக அனுப்பினால் ஒரு கவிதை கண்மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும். எதிர்முனையிலும் அதே எழுத்துரு இருந்தால்தான் அது தமிழ். இல்லையேல் தலையில் புள்ளிவைத்த ஐரோப்பிய எழுத்துகளின் கூட்டம்.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நாட்டின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளிலும் இணையத்துக்கு வந்தன. அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். தமிழ்ப் பக்கங்களுக்குப் பின்னால் இருந்தது நா. கோவிந்தசாமியின் உழைப்பு. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு, சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரத்தின் மயிலை என்று அப்போது ஆளுக்கொரு எழுத்துரு. ஒன்றில் ககரம் இருந்த இடத்தில் இன்னொன்றில் வேறு எழுத்து. இதையெல்லாம் பேசித் தீர்க்கத்தான் 1997 மே மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கோவிந்தசாமி கூட்டினார். 1999இல் சென்னையில் அடுத்த மாநாடு கூடி விசைப்பலகைக்குத் தரம் வகுத்தது. அதே ஆண்டு அவர் காலமானார்.

அந்தக் காலத்துக் கோப்புகளை வைத்திருப்பவர்கள் இன்றைய பொதுத் தரமான யூனிகோடுக்கு மாற்றியதோடு பழைய எழுத்துருவை அழித்துவிட வேண்டாம். அந்த உகர ஊகார வடிவங்களும் அதற்குள்தான் இருக்கின்றன.