குறி தவறாத துப்பாக்கி

2024 ஒக்டோபரில் வெளிவந்த ‘வேட்டையன்’ படத்தைப் பிறகொருநாள் பள்ளிமுனையில் மாணவர் சிலருடன் அமர்ந்து பார்த்தேன். ரஜினிகாந்த் சுடும்போதெல்லாம் பையன்கள் கைதட்டினார்கள். என் கையும் ஓரிரு தடவை சேர்ந்துகொண்டதை ஒளிப்பதற்கில்லை.

ஆசிரியை ஒருத்தி கொடூரமாகக் கொல்லப்படுகிறாள். ஊர் கொதிக்கிறது. பொலிஸ் அதிகாரி அதியன், குணா என்ற ஏழை இளைஞனைச் சுட்டுக் கொல்கிறார். அவன் குற்றமற்றவன் என்பது பின்னர்தான் தெரிகிறது. குறி பிசகவில்லை, ஆள்தான் பிசகு. உச்ச நடிகரின் கையாலேயே இதைச் செய்வித்த இயக்குநர் ஞானவேலின் துணிச்சல் சாதாரணமானதல்ல.

ஆனாலும் எனக்கொரு குறை. அமிதாப் பச்சனின் நீதிபதிப் பாத்திரம் என்கவுண்டரே கூடாது என்று வாதிடுகிறது. நம்மை அழவைப்பதோ அந்த வாதமல்ல, குணாவின் குற்றமின்மை. படம் முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்: “சேர், குணா உண்மையாவே செய்திருந்தா சுட்டது சரிதானே?”

நம் நாட்டில் இறந்தவர்கள் குணாக்கள் அல்லர். துபாயிலிருந்து 2019இல் கொண்டுவரப்பட்ட மாகந்துரே மதூஷ், 2020 ஒக்டோபர் 20ஆம் திகதி, பொலிஸ் காவலில் இருக்கையிலேயே மாளிகாவத்தையில் சூடுபட்டு இறந்தார். மறைத்துவைத்த ஹெரோயினைக் காட்ட அழைத்துச் சென்றபோது என்றார்கள். 2021 மே மாதம் கொஸ்கொட தாரக. அவர் கொல்லப்படலாம் என்ற அச்சத்தைச் சட்டத்தரணிகள் சங்கம் முன்கூட்டியே தெரிவித்திருந்தது. இம்முறை காட்டப் போனது ஆயுதத்தை. இப்படி இரண்டு கட்டுரைகளை மாணவர் எழுதித் தந்தால், யார் யாரைப் பார்த்து எழுதியது என்று கேட்பேன். பத்திரிகைகளில் நாமோ வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம்.

எதிரே நின்று சுடுகிறவனைப் பொலிஸ் சுட்டுத்தான் ஆகவேண்டும். அதில் விவாதமில்லை. அப்படித்தான் நடந்ததா என்பதே கேள்வி. என்கவுண்டர் மரணங்களுக்கு நீதிவான் விசாரணை கட்டாயம், வீரம் ஐயமற நிறுவப்படும்வரை விருது கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. நம் சினிமா விருதை முதற்காட்சியிலேயே கொடுத்துவிடுகிறது!

மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நூலிலிருந்து பிறந்த, வெற்றிமாறனின் ‘விசாரணை’ இவ்விடத்தில் மேலானது. பொலிஸ் அறிக்கை எப்படிப் புனையப்படுகிறது என்பதை, சாகப்போகிறவனின் பக்கம் நின்று காட்டுகிறது. அதில் கைதட்ட இடமேயில்லை.

துப்பாக்கி வைத்திருந்தவர் சொன்னதே தீர்ப்பான காலத்தில் இத்தீவில் வளர்ந்தவன் நான். கேள்வி கேட்ட பையன் அதைக் காணாதவன். அன்று அவனுக்கு, “நாளைக்குச் சொல்றன்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.