உச்சிச் செம்பு

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலுக்குப் போனால் என் கண் சுதைச் சிற்பங்களைத் தாண்டிக் கோபுரக் கலசங்களுக்கே ஏறும். கலசத்தைப் பெரும்பாலும் செம்புத் தகட்டில்தான் அடிப்பார்கள். அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். விட்டால் விரிசல் காணும். அதனால் கன்னார் அதைச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் தோய்த்து, இளக்கி மறுபடி தட்டுகிறார். குடம், கழுத்து, மொட்டு எல்லாம் தனித்தனி. நடுத்தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோக்க வேண்டும். மேல்துண்டின் விளிம்பு கீழ்த்துண்டைக் கவிந்தால்தான் உள்ளே நிரப்பிய வரகில் மழைநீர் இறங்காது. கைத்திறன் முழுவதும் அந்தக் கவிப்பில்தான் இருக்கிறது! அடுத்த குடமுழுக்கு, வழக்கப்படி 12 ஆண்டு கழித்துத்தானே. இரும்பை அரிக்கும் கடற்காற்றில் செம்பு கறுக்கும், பச்சை படரும். அந்தப் படலமே அதற்குக் காப்பு. பொன்முலாம் பூசினால் பளபளக்கும், உண்மைதான். எனக்குச் சுத்தியல் தடம் தெரியும் வெறுஞ்செம்புதான் பிடிக்கும்.