ஞாயிறு மாலை 5.45

கைப்பேசிக்கு வரும் திரையிடல் அறிவிப்பை நான் ஒரு பிரதியாகவே வாசிப்பேன். படத்தின் பெயர், இயக்குநர், நாடு, ஆண்டு, எத்தனை நிமிடம், எந்த அரங்கு, எத்தனை மணி. ‘இயக்குநர் நேரில் கலந்துகொள்கிறார்’ என்று கடைசியில் ஒரு வரி இருந்தால் அந்த வாரம் விசேஷம். கோவையில் இந்த வாசிப்பை எனக்குப் பழக்கியது கோணங்கள் ஃபிலிம் சொசைட்டி. திருச்சி சாலையை ஒட்டிய பெர்க்ஸ் பள்ளியின் மினி தியேட்டரில், ஞாயிறு மாலை 5.45க்கு அவர்கள் போட்ட உலகப் படங்கள் என்னை மாற்றின. முனைவர் பட்டத்துக்காகச் சங்கப் பாடல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு, ஒரு காட்சியை யார் நின்ற இடத்திலிருந்து பார்க்கிறோம் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தன. லாபம் பார்க்காமல் படம் தேடிப் போட்டவர்களுக்கு இந்த ஊர் கடன்பட்டிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மற்றது என்பது அந்த 5.45. வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு மாலைதான் ஓய்வு. அந்தக் கணக்கில் நேரம் சரி.  இரண்டு மணி நேரப் படம் 7.45க்கு முடியும். பேசி எழும்போது எட்டரை. அப்புறம் காந்திபுரம் போய், அங்கிருந்து அன்னூருக்கோ அவிநாசிக்கோ பஸ். என் மாணவிகளில் பாதிப்பேர் விடுதிப் பிள்ளைகள், 6.30க்கு கேட் சாத்திவிடுவார்கள். மீதிப்பேருக்கு வீட்டில் விளக்கு வைக்கும் நேரம்தான் கேட். அறிவிப்பை அனுப்பினால் ஒரு இதயப் படத்தைத் திருப்பி அனுப்புவார்கள். வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இந்த ஊரில் சினிமா தொடங்கியதே ஆட்களைத் தேடிப்போய்க் காட்டுவதில்தான். ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜக்டரை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914இல் அவர் கோவையில் கட்டிய வெரைட்டி ஹாலின் பெயர் இன்றும் அந்தச் சாலைக்கு இருக்கிறது. பின்னால் வந்த டூரிங் கொட்டகைகளில் மணல் தரையின் குறுக்கே ஒரு குட்டிச்சுவர், அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். குட்டிச்சுவர் நல்லது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பெண்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டுக் கட்டிய சுவர் அது. எங்கள் அம்மாக்கள், அத்தைகள் எல்லாம் மேட்னி ரசிகைகள். சோறாக்கி, பாத்திரம் கழுவி, பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்குள் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து அடுப்புப் பற்றவைத்தவர்கள். வணிக சினிமாவுக்குத் தெரிந்திருந்த அந்தப் பகல் நேரம் மாற்று சினிமாவின் கையேட்டில் இல்லை.

ஆனியெஸ் வார்தாவின் ‘க்ளியோ 5 முதல் 7 வரை’ (1962) படத்தை ஒரு சனிக்கிழமை மதியம் வகுப்பில் போட்டேன். பாரிஸில் ஒரு பாடகி, மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் ஒன்றரை மணி நேரம்தான் படம். முதல் பாதி முழுக்க எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள். அவளும் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொள்கிறாள். பாதியில் பொய்முடியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெருவில் இறங்குகிறாள். அப்புறம் பார்ப்பது அவள். சினிமாவில் ஆண் பார்க்கிறான், பெண் பார்க்கப்படுகிறாள் என்று லாரா மல்வி எழுதியது 1975இல். வார்தா அதற்கு 13 வருடம் முன்பே ஒரு பெண்ணைத் தெருவில் நடக்கவிட்டு இதைக் காட்டிவிட்டார். கதை முடியும்போது மணி ஆறரை. “நம்ம கேட் சாத்தற நேரமுங்க மேடம்” என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. 2019இல் பொள்ளாச்சி வழக்கு வெளியே வந்தபோது இந்தப் பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள். நட்பாகப் பேசி அழைத்துப் போய், வன்கொடுமை செய்து, அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தைக் காட்டியே மிரட்டினார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. நடுவிலிருந்த ஆறு வருடங்களில் பல வீடுகளில் பெண்களுக்குத்தான் தண்டனை கிடைத்தது: போன் பறிப்பு, படிப்பு நிறுத்தம், அவசரக் கல்யாணம். எங்கள் வட்டாரத்துப் பெண்ணிடம் கேமரா என்று சொன்னால் அவளுக்கு முதலில் வருவது வார்தா அல்ல. ஒரு பெண் இயக்குநர் இங்கே வந்து மேடையில் நிற்பதை நான் பெரிதாக நினைப்பதற்கு இதுதான் காரணம். கேமராவைப் பிடித்த கை ஒன்று நம்முடையது போல இருப்பதை ஒருமுறையாவது அவர்கள் நேரில் பார்க்க வேண்டும்.

பார்த்தால் போதுமா என்பது அடுத்த கேள்வி. சில வருடங்களுக்கு முன் ஓர் அரங்கில் ஆவணப்பட இயக்குநர் ஒருவர் வந்திருந்தார். கூலிப்பெண்களைப் பற்றிய படம். விளக்குப் போட்டதும் முன்வரிசையிலிருந்து முதல் கேள்வி: “இத்தனை ஊர் சுத்தியிருக்கீங்களே, வீட்ல ஒண்ணும் சொல்லலீங்களா?” இரண்டாமவர் கேள்வி கேட்கவில்லை, படத்தை எப்படி எடுத்திருக்க வேண்டும் என்று ஏழெட்டு நிமிடம் சொன்னார். மூன்றாமவர் வாழ்த்தினார். முந்தைய மாதம் அதே அரங்கில் ஓர் ஆண் இயக்குநரிடம் லென்ஸ் பற்றியும் ஒலி பற்றியும் கேட்டவர்கள்தான் இவர்கள். “கேமரா வாடகை எவ்வளவுன்னு கேளுங்க, சொல்றேன்” என்றார் அந்த இயக்குநர். கைதட்டினார்கள். வாடகையை யாரும் கேட்கவில்லை.

அன்று அதிசயமாக என்னோடு வந்திருந்த மாணவி நோட்டில் ஒரு கேள்வி எழுதி வைத்திருந்தாள். மைக் அவளிடம் வரவே இல்லை. செருப்பு மாட்டும்போது படிக்கட்டில் கேட்டாள்: “புருசன் பக்கத்துலயே நிக்கறப்ப அந்தக்கா எப்படிங்க மனசு விட்டுப் பேசுனாங்க?” இயக்குநர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முதல் மூன்று நாள் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை, அவர்களோடு களை பறித்தேன் என்றார். புருஷன் நின்றபோது எடுத்ததையும் அவன் போனபிறகு எடுத்ததையும் அடுத்தடுத்து வைத்துத்தான் அந்தக் காட்சியைத் தொகுத்தேன் என்றார். படத்தைப் பற்றி அன்று நடந்த ஒரே விமர்சனம் அந்தப் படிக்கட்டில் நடந்தது.

திரையிடல் என்பதே சண்டையாகிப்போன படங்களும் நம்மிடம் உண்டு. மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ (2017) பல ஊர்களில் காவல்துறை அனுமதி மறுத்ததால் யூடியூபுக்குப் போனது. அதே வருடம் ஜூலையில், அவர் மாணவியாக இருந்தபோது 2009இல் போடப்பட்ட ஒரு பழைய வழக்கைத் தூசிதட்டி அவரைக் கைது செய்தார்கள். தனித்தனியாக போனில் லட்சக்கணக்கானவர்கள் பார்ப்பதை விட, ஐம்பது பேர் ஒரே அறையில் பார்த்துவிட்டு எழுந்து பேசுவதுதான் ஆட்களை உறுத்துகிறது போலும்.

லீனா மணிமேகலையின் ‘மாடத்தி’யை (2019) நான் வகுப்புக்குத் தேர்ந்தெடுத்தது அது பார்வையைப் பற்றிய படம் என்பதால். புதிரை வண்ணார் சமூகம். கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்கள். ஊரின் தீட்டுத்துணியைத் துவைக்கும் தாய் வேணியாக செம்மலர் அன்னம். மகள் யோசனாவை ஆள் அரவம் கேட்டால் மறைந்துகொள் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கிறாள். மறைந்து நிற்கிறவளுக்கு ஒரு வசதி உண்டு, அவளால் எல்லாவற்றையும் பார்க்க முடியும். ஆற்றில் குளிக்கும் ஓர் இளைஞனை யோசனா இலைகளுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறாள். வெட்கமோ பயமோ இல்லாத பார்வை. காடு, தண்ணீர், உடம்பு எல்லாவற்றையும் ஒரே ஆசையோடு பார்க்கிற பார்வை. தமிழ்ப் படத்தில் ஒரு பெண்ணின் கண் ஆண் உடலில் இத்தனை நேரம் நின்று நான் பார்த்ததில்லை.

எனக்கு இந்தப் படத்தோடு ஒரு சண்டையும் உண்டு. ஊர் ஆண்கள் அவளைச் சிதைக்கிறார்கள், அவள் தெய்வமாகிறாள். நாட்டார் மரபு அப்படித்தான், தெரியும். கொங்கில் ஊருக்கு ஊர் வீரமாத்தி கோயில் இருக்கிறது. ஆனைமலை மாசாணியம்மன் கதையும் அதுதான்: ஆற்றில் வந்த மாங்கனியைத் தின்றதற்காகக் கொல்லப்பட்ட பெண். நன்னன் 81 யானைகளையும் அவள் எடைக்குப் பொற்பாவையையும் மறுத்து அவளைக் கொன்றதைப் பரணர் குறுந்தொகையில் சொல்கிறார். அந்தப் பாடலைப் பாடம் நடத்தும்போது நான் ஒன்றைத் தவறவிடுவதில்லை. அது செத்த பெண்ணுக்கான ஒப்பாரி அல்ல. மகளுக்குத் தூங்காமல் காவல் இருக்கும் தாயைத் தோழி சபிக்கிறாள். சாபத்துக்கு உவமையாகத்தான் நன்னன் வருகிறான். காவலையும் கொலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள் அந்தத் தோழி. யோசனா செத்துத்தான் நம் கும்பிடைப் பெற வேண்டுமா, பார்த்துக்கொண்டே உயிரோடு இருக்க ஒரு கதையை லீனாவால் யோசித்திருக்க முடியாதா என்பது என் குறை. அவர் ஊருக்கு வந்தால் கேட்க வைத்திருக்கும் கேள்வி.

படம் முடிந்து விளக்குப் போட்டபோது வகுப்பு கப்சிப். பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “அவ பாத்தது தப்பில்லைங்களே மேடம்?” என்றாள். நான் வாய் திறப்பதற்குள் ஜன்னலோரம் இருந்தவள், “தப்புன்னா நாம இப்ப ஒண்ணரை மணி நேரம் பண்ணுனது என்னடி?” என்றாள். ஆனைமலைப் பக்கத்துப் பிள்ளை மட்டும் பேசவே இல்லை. மற்றவர்கள் போனபிறகு பையை மாட்டிக்கொண்டே என்னிடம் வந்தாள். “எங்கம்மா மாசாணியம்மன் கோயில்ல நீதிக்கல்லுக்கு மொளகா அரைச்சுப் பூசிட்டு வந்தாங்க மேடம், நான் எட்டாவது படிக்கறப்ப.”

எதற்கு என்று கேட்டேன்.

“அதத்தானுங்க இன்னைக்குப் போய்க் கேக்கோணும்” என்று சொல்லிவிட்டு 3.40 பஸ்ஸுக்கு ஓடினாள்.