வாய் திறக்காத நிரலும் பிரின்ட்எஃப் வைத்தியமும்

“சார், எரர் ஒண்ணும் இல்ல. கம்பைல் ஆயிடுச்சு. ஆனா அவுட்புட் வரல.”

சி மொழி ஆய்வகத்தில் பாடம் எடுத்த எவருக்கும் இந்த வார்த்தைகள் பழக்கமானவை. இலக்கணப் பிழை என்றால் கம்பைலர் வரி எண்ணோடு சொல்லிவிடும். விடை தப்பு என்றால் அந்தத் தப்பான எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கலாம். திரை வெறுமையாக இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு நுனியும் கிடையாது. அப்போது ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லும் மருந்து ஒன்று உண்டு: “நடுநடுவுல ஒரு பிரின்ட்எஃப் போட்டுப் பாரு.”

இந்த மருந்தைக் குறைத்து மதிப்பவன் அல்ல நான். இதற்குத் தனிக் கருவி வேண்டாம். நிறுவ வேண்டியதும் இல்லை. சி மொழியில் முதல் நாள் கற்ற ஒரே கட்டளை போதும். அதைவிடப் பெரிய பலன், அது மாணவரை யோசிக்க வைக்கிறது. எங்கே போடுவது, எந்த மாறியை அச்சிடுவது என்று முடிவுசெய்ய, நிரல் எந்த வழியாக ஓடும் என்பதை மனத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாக வேண்டும். டீபக்கர் ஒரு கணத்தை மட்டும் நிறுத்திக் காட்டும். அச்சிட்ட வரிகளோ நடந்ததை வரிசையாகக் கதைபோல் சொல்லும். பிரையன் கெர்னிகனும் ராப் பைக்கும் 1999-இல் எழுதிய ‘தி பிராக்டிஸ் ஆஃப் புரோகிராமிங்’ நூலிலேயே, டீபக்கரில் படிப்படியாக நடப்பதைவிட யோசித்து இடம் பார்த்து அச்சிடுவதையே தாங்கள் விரும்புவதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அவர்கள் சொல்வதும் ஆய்வகத்தில் நடப்பதும் ஒன்றல்ல. விடை தப்பாக வரும் நிரலுக்கு இந்த மருந்து கேட்கும். விடையே வராத நிரலுக்கு அதே மருந்தைக் கொடுக்கும்போதுதான் தகராறு. அடைத்துக்கொண்டிருப்பது வாய், அந்த வாயிடமே நோய் எங்கே என்று கேட்கிறோம்.

ஒரு மாணவியின் நிரல் நினைவில் இருக்கிறது. இணைப்புப் பட்டியல் ஒன்றில் எத்தனை இரட்டை எண்கள் என்று எண்ண வேண்டும். ஓட்டினால் எதுவும் வரவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே 1, 2, 3 என்று அச்சிடும் மூன்று பிரின்ட்எஃப்களைச் செருகினாள். மெயின் தொடங்கியதும் 1. பட்டியல் உருவானதும் 2. எண்ணும் சுழல் முடிந்ததும் 3. ஓட்டினாள். 1-கூட வரவில்லை. “மெயினுக்குள்ளேயே போகல சார்” என்றாள். கோப்பின் பெயரைச் சரிபார்த்தாள். பழைய கோப்பை ஓட்டுகிறோமோ என்று அழித்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தாள். மெயினையே புதிதாக எழுதினாள். அந்த வகுப்பு நேரம் முழுக்க அதிலேயே போயிற்று.

உண்மையில் 1-ம் 2-ம் அச்சிடப்பட்டுவிட்டன. சுழலுக்குள் அடுத்த கணுவுக்கு நகரும் வரி மட்டும் விட்டுப்போயிருந்தது. அதனால் நிரல் முதல் கணுவிலேயே முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பிரின்ட்எஃப் கொடுக்கும் எழுத்துகள் நேராகத் திரைக்குப் போவதில்லை. பஃபர் என்ற நினைவகப் பகுதியில் காத்திருக்கும். லினக்ஸ் டெர்மினலில் நியூலைன் வந்தால் அந்த வரி வெளியேறும். கோப்புக்கோ பைப்புக்கோ போகிறதென்றால் பஃபர் நிறைய வேண்டும், பெரும்பாலும் 4096 பைட். நிரல் ஒழுங்காக முடிந்தால் மிச்சம் இருப்பதும் கொட்டப்படும். அவள் நியூலைன் போடவில்லை, நிரலும் முடியவில்லை. கன்ட்ரோல்-சி அழுத்தியபோது பஃபரில் இருந்த 1-ம் 2-ம் நிரலோடு சேர்ந்தே போய்விட்டன. மகன் கடிதம் எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிட்டான்; பெட்டியை யாரும் திறக்கவில்லை; அவன் எழுதவே இல்லை என்று ஊரில் முடிவுகட்டிவிட்டார்கள். ‘அச்சு வரவில்லை, ஆகவே அந்த வரி ஓடவில்லை’ என்ற அனுமானம் தப்பு. அந்த அனுமானத்தின் மேல்தான் இந்த வழக்கம் முழுவதும் நிற்கிறது.

இதை நாம் ஏன் சொல்லிக்கொடுப்பதில்லை? டர்போ சி காலத்துப் பழக்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அங்கே மௌனம் என்றால் வேறு பொருள். வெளியீடு வந்திருக்கும், நிரல் முடிந்ததும் திரை எடிட்டருக்குத் திரும்பிவிடும். அதற்காகத்தான் கடைசியில் கெட்சிஹெச் போடுவதும் ஆல்ட்-எஃப்5 அழுத்துவதும். விண்டோஸிலும் திரைக்குப் போகும் எழுத்துகள் பொதுவாகக் காத்திருப்பதில்லை. அந்த மாணவியின் நிரலை அங்கே ஓட்டியிருந்தால் 1, 2 இரண்டும் தெரிந்திருக்கும். பல ஆய்வகங்கள் லினக்ஸுக்கு மாறிவிட்டன, அறிவுரை மாறவில்லை.

இன்னொரு குறை: அச்சிடும் வரி நிரலை மாற்றிவிடுகிறது. தொடக்க மதிப்புக் கொடுக்காத மாறியோ, எல்லை தாண்டி எழுதும் அணியோ இருந்தால், ஒரு பிரின்ட்எஃப் சேர்த்ததும் நினைவக அமைப்பு மாறிப் பிழை ஒளிந்துகொள்ளலாம். எடுத்ததும் திரும்ப வரும். கவனித்தால் மறையும் இத்தகைய பிழைகளுக்கு ‘ஹைசன்பக்’ என்ற பெயர் 1985-இல் ஜிம் கிரே எழுதிய கட்டுரையிலேயே இருக்கிறது. முதலாண்டு மாணவர்களிடம் இதை அடிக்கடி பார்க்க முடியாது. ஆனால் பார்த்தவர்கள் “அந்த பிரின்ட்எஃப் இருந்தாதான் சார் ஓடுது, எடுக்கக் கூடாது” என்று நம்பத் தொடங்குவார்கள். அந்த நம்பிக்கை எனக்கு உண்மையிலேயே பயம் தருகிறது.

அப்படியானால் வழக்கத்தையே விட்டுவிடலாமா? வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு கேள்வியை வைத்தால் போதும்: மௌனம் எந்த வகை? ஷெல்லின் பிராம்ப்ட் திரும்பிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். திரும்பிவிட்டால் நிரல் முடிந்துவிட்டது. எழுதிய ஃபங்ஷனை அழைக்க மறந்திருக்கலாம், நிபந்தனை எப்போதும் பொய்யாகியிருக்கலாம். திரும்பவில்லை என்றால் இன்னொரு டெர்மினலில் டாப் கட்டளை. சிபியு நூறு விழுக்காட்டை ஒட்டி நின்றால் முடிவிலாச் சுழல். வொய்ல் அடைப்புக்குறிக்குப் பின்னால் தவறி விழுந்த அரைப்புள்ளியாகக்கூட இருக்கும். சும்மா இருந்தால் பெரும்பாலும் ஸ்கேன்எஃப் உள்ளீட்டுக்காகக் காத்திருக்கிறது. இத்தனையும் அரை நிமிட வேலை. நிரலில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம்.

அதன்பின் அச்சிடலாம், ஸ்டாண்டர்ட் எரருக்கு. அது பஃபரில் காத்திருக்காது; விடையோடும் கலக்காது. எச்சரிக்கைகளைக் காட்டும் மைனஸ் வால் (-Wall) இல்லாமல் கம்பைல் செய்வதை ஆய்வகத்தில் அனுமதிக்கவே கூடாது என்பேன். ஸ்கேன்எஃப்பில் மறந்த ‘&’ குறியையும், இஃப் நிபந்தனையில் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் விழுந்த ஒற்றைச் சமக்குறியையும் ஜிசிசி அப்போதே எச்சரித்துவிடும்.

சுழலில் மாட்டிய நிரலுக்கு ஜிடிபி என்ற டீபக்கரைவிட நல்ல கருவியை நான் கண்டதில்லை. கெர்னிகனும் பைக்கும்கூட ஸ்டாக் டிரேஸ் எடுக்கவும், ஓரிரு மாறிகளின் மதிப்பைப் பார்க்கவும் டீபக்கரை நாடியவர்கள்தான். மறுநாள் அந்த மாணவியை உட்காரவைத்து, மைனஸ் ஜி போட்டுக் கம்பைல் செய்து, ஜிடிபிக்குள் ஓட்டி, கன்ட்ரோல்-சி அழுத்தச் சொன்னேன். நிரல் நின்ற வரியை அது காட்டியது. சுட்டியின் மதிப்பைப் பார்த்தாள். தொடரவிட்டு, மறுபடி நிறுத்தி, மறுபடி பார்த்தாள். அதே முகவரி.

“நகரவே இல்லையே சார்” என்றாள்.