மானிடவியற் கற்கையும் 'புல் எலிய'வும்

மானிடவியலைப் பட்டப்படிப்பின் முதன்மைப் பாடமாக மேற்கொள்ளும் மாணவர் தொடக்கத்திலேயே எதிர்கொள்வது உறவுமுறை வரைபடமாகும். முக்கோணம் ஆணையும் வட்டம் பெண்ணையும் சமக்குறி மணவுறவையும் குறிக்கும். சில மாதங்களில் தாய்வழி, தந்தைவழி, மைத்துன மணம் ஆகிய கலைச்சொற்களை அவர் தடையின்றிக் கையாளப் பழகிவிடுகிறார். ஆயின், அவ்வரைபடத்தில் வயலும் இல்லை; நீரும் இல்லை. இக்குறையை உணர்த்தும் நூல்களுள் எட்மண்ட் லீச்சின் 'புல் எலிய' (1961) தலையாயது. அதனை எமது மாணவர் எங்ஙனம் கற்றல் வேண்டும் என்பதே இங்கு எமது வினா.

நுவரகலாவியவிலுள்ள அச்சிறு குளக்கிராமத்தில் லீச் 1954 இல் கள ஆய்வு நிகழ்த்தினார். வம்சாவழி விதிகளே சமூகக் கட்டமைப்பின் அடித்தளம் என மேயர் போர்ட்டஸ் முதலியோர் வலியுறுத்திய காலம் அது. லீச் இதனை மறுத்தார். குளமும் வாய்க்காலும் பங்குகளாக வகுக்கப்பட்ட பழைய வயலும் எளிதில் மாற்றவியலாதவை. மனிதர் தம் உறவுகளையே அவற்றுக்கு இசைவித்துக்கொள்கின்றனர். எனவே, உறவுமுறை தனித்தியங்கும் பொருளன்று. சொத்துறவுகளைப் பேசுதற்கான ஒரு வழியே என்பது அவரது முடிபு.

இது பொருள்முதல்வாதத்துக்கு அணித்தானது போலத் தோன்றும். எனினும், லீச்சிடம் அடித்தளம் என்பது பெருமளவு நிலத்தின் அமைப்பாகவே நின்றுவிடுகிறது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. பின்னர் அரசிடமிருந்து நிலம் வாங்க வல்லவராயிருந்தோர் எவர், அல்லாதோர் எவர்? லீச் காணிப் பதிவுகளை நுணுகி ஆராய்ந்தபோதும், அவற்றை வர்க்க உருவாக்கத்தின் வரலாறாக விரித்தாரல்லர்.

இவ்வினா புல் எலியவுடன் முடிவதன்று. லீச் பதிப்பித்து 1960 இல் வெளிவந்த சாதி பற்றிய தொகுதியில், யாழ்ப்பாணச் சாதியமைப்பை மைக்கல் பாங்ஸ் ஆராய்ந்துள்ளார். அதனைக் கற்கும் மாணவர், காணியும் கிணறும் எவர் கையிலிருந்தன என்பதையும் உடன் வினவுதல் வேண்டும். 1960களின் பிற்பகுதியில் தேநீர்க்கடைகளிலும் ஆலயங்களிலும் சமவுரிமை கோரி ஒடுக்கப்பட்ட மக்கள் போராடினர். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நிகழ்ந்தவற்றை, இசைவான ஒழுங்கமைப்பாகச் சாதியை விளக்கும் எக்கோட்பாட்டாலும் விளக்கவியலாது.

லீச்சைக் கற்பதன் பயன் அவரது முடிபுகளை வினாத்தாளுக்கு ஒப்புவிப்பதில் இல்லை. அவர் வயலை அளந்தார். நாம் அவ்வளவீட்டோடு உடைமையின் வரலாற்றையும் சேர்த்துப் பயிலவேண்டும். அப்பயிற்சியை எமது மாணவர் தத்தம் ஊர்க் கிணற்றடியிலேயே தொடங்கலாம்.